பந்தை எதிர்கொள்பவரைப் பாருங்கள்

கிரிக்கெட்டின் நுட்பங்களைப் பற்றி, சுழற்பந்து எந்தக் கணத்தில் திரும்பியது, களத்தடுப்பாளர் இரண்டடி இடப்புறமாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வரையில் மணிக்கணக்காகத் தர்க்கம் செய்யக்கூடிய ஞானம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் அதே வீடுகளில், பெண்கள் டென்னிஸ் என்று வந்துவிட்டால், ஜூலை மாதத்தில் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் கடைசி ஒரு மணி நேரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, வெற்றி பெற்றவர் வெள்ளித் தட்டை உயர்த்திப் பிடிப்பதைக் கண்டு, அத்தோடு திருப்தியடைந்துவிடும் வழக்கமே காணப்படுகிறது. இது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுகளுக்குள்ளே, இரண்டு மனிதர்களின் புத்தியும் தைரியமும் எவ்விதத் திரையுமின்றி நம் கண்ணெதிரே வெளிப்படுவது பெண்கள் ஒற்றையர் டென்னிஸில்தான் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். அதை ரசிப்பதற்கு வேண்டிய பயிற்சியும் அப்படியொன்றும் கடினமானதல்ல.

அந்தப் பயிற்சியை விம்பிள்டனில் ஆரம்பிக்கவேண்டிய அவசியமில்லை. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் போட்டிகள் 1000, 500, 250 என்று படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கின்றன. வெற்றி பெறுகிறவருக்கு இன்று கிடைக்கும் தரப்புள்ளிகளே அந்த எண்கள். இவற்றுள் 250 என்னும் படியிலே நிற்கும் ஒரு போட்டியைத்தான் புதிய ரசிகருக்கு நான் சிபாரிசு செய்வேன். அத்தகைய போட்டிகளில் நமக்கு மிக அண்மையில் நடந்திருப்பது சென்னை பகிரங்க மகளிர் போட்டி. கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து வள்ளுவர் கோட்டத்தை விசாரித்துக்கொண்டு போனால், அதற்கு அருகே, நுங்கம்பாக்கத்தில், 1997 முதல் 2017 வரை ஆடவருக்கான பகிரங்கப் போட்டி நடந்த அதே டென்னிஸ் அரங்கு இருக்கிறது. பெண்களுக்கான போட்டி அங்கே 2022 செப்டெம்பரில் முதன்முறையாகவும், 2025 ஒக்டோபர் இறுதியில் இரண்டாம் முறையாகவும் நடைபெற்றது.

பெரிய போட்டியில் 128 பேர் ஆடுகிறார்கள். யார் வந்தார், யார் போனார் என்று நினைவில் வைத்துக்கொள்வதே பிரயாசையாகிவிடுகிறது. சென்னையிலோ ஒற்றையர் பிரிவில் 32 பேர், ஒரு வாரம், 31 ஆட்டங்கள். திங்கட்கிழமை காலையில் பெயரளவிலும் தெரியாதிருந்த ஒருவரை, புதன்கிழமை மாலைக்குள், அவர் சர்வீஸ் போடுமுன் பந்தை எத்தனை முறை தரையில் தட்டுவார், ஆட்டம் கைநழுவும்போது எந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார் என்பது முதற்கொண்டு நாம் அறிந்துகொண்டுவிடலாம். இந்தப் பரிச்சயம் ஏற்பட்டபின் அவர் ஆடும் காலிறுதி ஆட்டம், முன்பின் அறியாத இருவரின் இறுதி ஆட்டத்தைவிடப் பன்மடங்கு சுவையுள்ளதாயிருக்கும்.

இப்படி ஊர் ஊராகச் சென்று பெண்கள் தம் ஆட்டத்தைக்கொண்டே ஜீவனம் நடத்தும் ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை என்பதையும் ரசிகர் அறிந்திருப்பது நலம். 1970ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலஸ் நகரப் போட்டியொன்றில் ஆடவர் வெற்றியாளருக்கு 12,500 டொலர் என்றும் பெண்கள் வெற்றியாளருக்கு 1,500 டொலர் என்றும் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ் முதலிய ஒன்பது பேர், டென்னிஸ் அதிகாரிகளின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், கிளாடிஸ் ஹெல்ட்மன் என்னும் பத்திரிகையாசிரியையிடம் ஆளுக்கு ஒரு டொலர் பெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஹூஸ்டன் நகரில் தனிப் போட்டி ஆடினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்தது. விம்பிள்டனில் சம பரிசு கிடைப்பதற்கு 2007ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, எதைப் பார்ப்பது என்ற பிரதான விஷயத்துக்கு வருவோம். புதிய ரசிகரின் கண்கள் இயல்பாகவே சர்வீஸ் போடுகிறவரிடம் போய் நிற்கும். பந்தை வானத்தில் எறிவதும், உடல் வில்லாக வளைவதும், மட்டை சுழன்று இறங்குவதும் பார்வைக்கு அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் நான் கூறும் ஒரே உபாயம் இதுதான்: மறுமுனையில் பந்தை எதிர்கொள்ளக் காத்திருப்பவரைப் பாருங்கள். ஆடவர் ஆட்டத்திலே சர்வீஸ் போடுகிறவர் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கேம்களைத் தாமே வென்றுவிடுகிறார். பெண்கள் ஆட்டத்திலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு கேம் எதிராளியின் வசமாகிவிடுகிறது. சிலர் இதைப் பெண்கள் ஆட்டத்தின் பலவீனம் என்று பேசுவதுண்டு. நானோ இதையே அதன் ஜீவநாடி என்று கருதுகிறேன். ஏனெனில் சர்வீஸ் வெறும் ஆரம்பமாக மாத்திரம் இருக்கிறபோதுதான், அதற்குப் பின் வரும் யோசனையும் பொறுமையும் ஏமாற்றும் துணிச்சலும் காரியத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒரு புள்ளியை மிக அருகிலிருந்து பார்ப்போம். முதல் சர்வீஸ் வலையில் விழுந்துவிட்டது. இரண்டாவது சர்வீஸ் வரவேண்டும். எதிர்கொள்பவர் அதுவரை பின்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்றவர், ஒன்றும் அறியாதவர்போல் மட்டையின் நரம்புகளைச் சரிசெய்துகொண்டே, இரண்டடி முன்னே வந்து கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொள்கிறார். சர்வீஸ் போடுகிறவர் தலையை நிமிர்த்துகையில் இதைக் கண்டுவிடுகிறார். காண வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்பட்டது. இப்போது அவர் மனதில், பந்தை மெதுவாகப் பத்திரமாகப் போட்டால் அடித்து நொறுக்கிவிடுவாள், வேகமாகப் போட்டால் மீண்டும் வலையில் விழுந்து புள்ளி இலவசமாகப் போய்விடும் என்ற சஞ்சலம் எழுகிறது. பந்து மேலே எறியப்படுகிறது. மட்டை பந்தைத் தொடும் கணத்துக்குச் சற்று முன்னே எதிர்கொள்பவர் இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழுப்பி ஒரு சிறு துள்ளல் துள்ளுகிறார். பாதங்கள் மீண்டும் தரையைத் தொடும்போது உடலின் பாரம் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு பக்கத்துக்கும் ஆயத்தமாயிருக்கிறது. பந்து அவரை வந்தடைய ஒரு வினாடிக்கும் குறைந்த நேரமே ஆகும். அதற்குள் தோள் திரும்பி, மட்டை சிறிதளவே பின்னே சென்று, பந்து எழும்பும்போதே அடிக்கப்பட்டு, சர்வீஸ் போட்டவர் இன்னும் நிலைகொள்ளாமல் இருக்கையிலேயே அவருடைய காலடியில் போய் விழுகிறது. கரகோஷம் எழுவதற்கு இன்னும் நாலைந்து அடிகள் ஆகலாம்; ஆனால் புள்ளியின் விதி அந்தத் துள்ளலிலும் அந்த இரண்டடியிலும் எழுதப்பட்டாயிற்று.

பாதங்களைப் பார்க்கும் பழக்கம் நம்மவருக்குப் புதிதல்ல என்றே சொல்வேன். கொழும்புப் பெண்கள் பாடசாலைகளின் வலைப்பந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், பந்தைப் பிடித்தவள் எந்தக் காலில் இறங்கினாள், இறங்கிய கால் நகர்ந்ததா என்று கூர்ந்து நோக்க அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் தேசிய அணிக்கு ஆடிய காலத்தில், கோல் போடும் அவருடைய உயரத்தை உலகம் வியந்துகொண்டிருக்க, வட்டத்துக்குள் அவர் இடம்பிடிக்கும் கால்களைப் பற்றிப் பேசிய மாணவிகளை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கண்ணோடு டென்னிஸுக்கு வாருங்கள். ஒரு வீராங்கனை களைத்துவிட்டார் என்பதை முகம் சொல்வதற்கு வெகு முன்னதாகவே பாதங்கள் சொல்லிவிடும். பந்தை அடிக்குமுன் எடுத்துவைக்கும் குறுகிய அடிகள் ஐந்தாறாக இருந்தவை மூன்றாகக் குறைந்து, எட்டிப்பிடித்து அடிக்கும் நிலைமை வந்துவிட்டால், அடுத்த இரண்டு கேம்களுக்குள் ஏதோ நேரப்போகிறது என்று நிச்சயமாக எதிர்பார்க்கலாம்.

களத்தின் கணிதத்தையும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்தில் அதன் அகலம் 27 அடி. வலை கம்பங்களின் அருகே மூன்றரை அடி உயரமும் நடுவிலே மூன்று அடி உயரமும் உள்ளது. ஆகவே மூலைக்கு மூலையாகக் குறுக்கே அடிக்கப்படும் பந்து, தாழ்ந்த வலையைக் கடந்து, 82 அடிக்கு மேற்பட்ட நீளத்தில் எங்காவது விழுந்தால் போதும். கோட்டோரமாக நேரே அடிக்கப்படும் பந்தோ உயர்ந்த வலையைக் கடந்து குறைந்த நீளத்துக்குள் அடங்கவேண்டும். எனவேதான் இருவரும் பாக்ஹாண்டுக்குப் பாக்ஹாண்ட் என்று குறுக்காகவே ஐந்து, ஆறு, எட்டு அடிகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். இதை அலுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். யார் முதலில் நேரே அடிக்கத் துணிவார் என்பதே அங்கே கேள்வி. துணிந்து அடித்துப் பந்து உள்ளே விழுந்தால் புள்ளி; அரையடி வெளியே போனால், அந்தத் துணிவை அதே புள்ளிநிலையில் மறுபடியும் காட்டுவாரா என்று கவனியுங்கள். ஒருவரின் சுபாவத்தை அறிய அதைவிடச் சிறந்த பரீட்சையை நான் கண்டதில்லை.

மேலே சொன்னவை அனைத்தும் ஓர் ஆட்டத்தில் ஒன்றுகூடி விளங்கியதற்கு 2022 செப்டெம்பர் 18ஆம் திகதி சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தை உதாரணமாகக் கூறலாம். ஒரு பக்கம் போலந்து நாட்டின் மாக்டா லினெட், முப்பது வயது, போட்டியின் மூன்றாம் நிலை வீராங்கனை, பல ஆண்டுகள் இத்தகைய வாரங்களில் ஊறித் திளைத்தவர். மறுபக்கம் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா, பதினேழே வயதுப் பெண். சில வாரங்களுக்கு முன் அமெரிக்க பகிரங்கப் போட்டியில் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி உள்ளே நுழைந்து ஒரு சுற்று வென்றிருந்தார். முதல் செட்டை லினெட் 6-4 என்று எடுத்துக்கொண்டார்; இரண்டாவதை 6-3 என்று இளையவர் எடுத்தார். மூன்றாவது செட்டில் லினெட் 4-1 என்று முன்னேறிவிட்டார். ஆடவர் ஆட்டமாயிருப்பின், சர்வீஸை நம்பி மிகுதி இரண்டு கேம்களையும் முடித்துவிடுவார்கள் என்று எண்ணிப் பலர் எழுந்திருப்பார்கள். இங்கே எழுந்தவர்கள் நல்ல காட்சியை இழந்தார்கள். ஃப்ருவிர்தோவா அதன்பின் ஒரு கேமைக்கூட விட்டுக்கொடுக்காமல் தொடர்ந்து ஐந்தை வென்று, 4-6, 6-3, 6-4 என்று மகளிர் டென்னிஸ் சங்கப் போட்டிகளில் தம் முதலாவது பட்டத்தைப் பெற்றார்.

இந்த ஆட்டத்தின் பதிவைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், வெற்றிப் புள்ளியைத் தேடி ஓடாதீர்கள். 4-1 என்பதிலிருந்து ஆரம்பித்து, லினெட் சர்வீஸ் போடும் கேம்களில் அந்தச் சிறுபெண் எங்கே நிற்கிறார் என்பதை மாத்திரம் பாருங்கள். தோற்றவரையும் மறந்துவிட வேண்டாம். அடுத்த ஜனவரியில், அதாவது சென்னைக்குப் பின் நான்கே மாதங்களில், அதே லினெட் அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியின் அரையிறுதி வரை சென்றார். சிறிய போட்டிகளைப் பார்ப்பதில் இதுவொரு பிரத்தியேக இன்பம்: உலகம் நாளை பேசப்போகும் ஒருவரை, நெரிசலின்றி, நுழைவுச்சீட்டுக்கு அல்லாடாமல், இன்றே பத்துக் கஜ தூரத்திலிருந்து பார்த்துவிடலாம்.

2025ஆம் ஆண்டுப் போட்டி வேறொரு பாடத்தைத் தந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் தொடக்கத்தில் மழை ஆட்டங்களைத் தடைசெய்தது. காத்திருப்பதும் ஒரு திறமை என்பதை வீராங்கனைகள் காட்டவேண்டியிருந்தது. பட்டத்தை வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். இறுதியில் அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6-4, 6-3 என்று வென்றார். 2002இல் ஏஞ்சலிக் விஜாயா பட்டம் பெற்ற பின்னர், இந்தத் தரத்தில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தோனேசியப் பெண் அவரே. எல்லோரும் பந்தை இரு கைகளாலும் ஓங்கி அடிக்கும் இந்நாளில், ஜென் தம் பாக்ஹாண்ட் பக்கத்தில் ஒரு கையால் பந்தின் அடிவயிற்றைச் சீவிவிடும் அடியை அடிக்கடி பிரயோகிக்கிறார். அவ்வாறு சீவப்பட்ட பந்து காற்றில் மெதுவாக மிதந்து வரும். தரையில் பட்டபின் எழும்ப மறுத்து முழங்காலுக்குக் கீழேயே வழுக்கிக்கொண்டு போகும். எதிராளி குனிந்து அதைத் தூக்கி அனுப்பவேண்டும். தூக்கி அனுப்பிய பந்து ஜென்னின் வலிய ஃபோர்ஹாண்டுக்கு வந்து சேரும். வேகத்தைக் குறைப்பதன் மூலம் அதிகாரத்தைக் கைப்பற்றும் இந்தச் சாமர்த்தியத்தை ஒருமுறை கண்டுகொண்டவருக்கு, பெண்கள் ஆட்டத்தில் எல்லாரும் ஒரேவிதமாக அடிக்கிறார்கள் என்ற பழங்குறை அத்துடன் தீர்ந்துவிடும்.

நம் மொழி பேசும் பெண்களும் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார்கள் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். கோயம்புத்தூரில் பிறந்து, கிரிக்கெட் வீரரான தகப்பனாரிடம் பயிற்சி பெற்ற நிருபமா வைத்தியநாதன், 1998இல் அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியின் பிரதான சுற்றில் இத்தாலிய வீராங்கனை ஒருவரை வென்றார். நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் ஆட்டமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. இப்போது கோயம்புத்தூரிலிருந்தே மாயா ராஜேஸ்வரன் என்ற சிறுமி கிளம்பியிருக்கிறார். 2025 பெப்ரவரியில், பதினைந்து வயதில், மும்பாய்ப் போட்டியில் அரையிறுதி வரை வந்தார். அவர் பெயரை அட்டவணையில் கண்டால், அந்த ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

அட்டவணை என்றேன், அதை ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். பெயர்களுக்கு முன்னுள்ள குறிகளைக் கவனித்தால், தரவரிசையால் மேல்நிலை பெற்ற எண்மர் யார், தகுதிச் சுற்றில் ஆடி வென்று உள்ளே வந்தவர்கள் யார், அமைப்பாளர்களின் சலுகையால் நேரே இடம்பெற்றவர்கள் யார் என்பது விளங்கும். தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர் அந்தக் களத்திலே ஏற்கெனவே சில மணி நேரம் வியர்வை சிந்தியிருக்கிறார். பந்து எவ்வளவு எழும்புகிறது, மாலைக் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று அறிந்திருக்கிறார். நேற்று விமானத்தில் வந்திறங்கிய மேல்நிலை வீராங்கனையோ அந்தக் காற்றை முதல் செட்டிலேதான் சந்திக்கிறார். முதற்சுற்று ஆச்சரியங்களுட் பல இப்படித்தான் பிறக்கின்றன.

புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் விட்டுவிடக்கூடாது. ஒரு புள்ளி முடிந்து அடுத்த சர்வீஸுக்கு 25 வினாடி அவகாசம் உண்டு. பக்கம் மாறும்போது 90 வினாடி. இரண்டு மணி நேர ஆட்டமொன்றில் பந்து உண்மையில் பறந்துகொண்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. மிகுதியெல்லாம் இந்த இடைவேளைகள். தோற்ற புள்ளியை ஒருவர் எவ்வாறு மனதிலிருந்து அகற்றுகிறார் என்று பாருங்கள்: துவாலைக்குள் முகத்தைப் புதைப்பவர் உண்டு, பின்சுவரை நோக்கி நடந்து இரு மூச்சு விடுபவர் உண்டு, பயிற்றுநர் அமர்ந்திருக்கும் மூலையை ஏக்கத்தோடு பார்ப்பவர் உண்டு. பயிற்றுநர் அங்கிருந்து சுருக்கமாக ஆலோசனை கூறுவதற்கு இப்போது விதி இடங்கொடுக்கிறது. ஆனால் ஆலோசனை கேட்டபின் ஆட்டம் மாறுகிறதா என்பதே பார்க்கவேண்டியது.

தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு ஒரு வார்த்தை. ஒளிப்பதிவுக் கருவி பின்கோட்டுக்குப் பின்னே உயரத்தில் இருப்பதனால், பந்து வலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது என்பது திரையில் தெரிவதில்லை; எல்லாப் பந்துகளும் தட்டையாகவும் மெதுவாகவும் தோன்றும். அரங்கிலே முதன்முதலாக அமர்கிறவர் அடையும் அதிர்ச்சியே பந்தின் வளைவும் வேகமும்தான். அரங்கில் இருக்கை தேர்ந்தெடுக்கும்போது, நடுவலைக்கு நேராக உட்கார்ந்து கழுத்தை இருபுறமும் திருப்பிக்கொண்டிருப்பதை விட, பின்கோட்டுப் பக்கத்தில், எவ்வளவு தாழ்வாக இயலுமோ அவ்வளவு தாழ்வாக அமருங்கள். எதிர்கொள்பவரின் கண்களுக்குப் பந்து எப்படி வருகிறதோ அப்படியே உங்களுக்கும் வரும்.

சென்னைப் பிரயாணம் எல்லோருக்கும் சாத்தியமில்லை என்பதை அறிவேன். கொழும்பு 7இல் இலங்கை டென்னிஸ் சங்கத்தின் ஆடுகளங்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரந்தான். தேசியப் போட்டிகள் அங்கே நடக்கும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் கீழ்ப்படிப் போட்டிகளும் கொழும்பில் நடந்ததுண்டு. களிமண் தளமாதலால் பந்து தரையில் பட்டதும் சற்றுத் தயங்கி உயர எழும்பும், சர்வீஸின் பலம் இன்னும் குன்றி, எதிர்கொள்பவரின் கை மேலும் ஓங்கும், புள்ளிகள் நீளும். பந்து விழுந்த தடம் மண்ணில் அப்படியே பதிந்திருக்கும். சந்தேகம் வந்தால் நடுவர் ஆசனத்தைவிட்டு இறங்கி வந்து, அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பெண்கள் ஒற்றையரின் முதற்சுற்று ஆட்டங்கள் வைக்கப்படும் காலை வேளையில் போங்கள். வெயிலுக்கு ஒரு தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோங்கள். பின்கோட்டுக்குப் பின்னாலுள்ள கம்பிவலையோரமாக இடம்பிடித்து, முதல் மூன்று கேம்கள் முடியும் வரையில் சர்வீஸ் போடுகிறவரை ஏறெடுத்தும் பாராதிருங்கள்.